வண்டிச் செயின்: நாமே பார்ப்போம், நாமே மாற்றுவோம்



போன மாதம் நாரணாபுரத்தில் குழுக் கூட்டம். சேமிப்பு வசூலித்து, உள்கடன் பேசி, தீர்மானம் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு உறுப்பினர் வந்து சேர்ந்தார். கையெல்லாம் கருப்பு மசி, சேலைக் கரையிலும் கருப்பு. "வர்ற வழியில செயின் அத்துப் போச்சுக்கா. ரெண்டு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டே வந்தோம்" என்றார். தாமதமாக வந்ததற்கு அபராதம் கட்டச் சொல்ல அன்று யாருக்கும் மனசு வரவில்லை.

தண்ணீர் குடித்துவிட்டு அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "ஆறு மாசத்துக்கு முன்னாடிதான் புதுச் செயின் போட்டோம். இப்ப மறுபடி செயினு, அதோட முன்பல்லு, பின்பல்லு எல்லாத்தையும் மாத்தணுங்கிறாரு மெக்கானிக்கு. நம்மள ஏமாத்துறாராக்கா?"

கூட்டத்தில் இருந்த பதினைந்து பேருக்கும் பதில் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. வட்டிக் கணக்கு கேட்டால் உடனே சொல்வோம், வங்கிக் கடன் படிவம் கேட்டால் சொல்வோம். வண்டிச் செயின் பற்றி யாரும் எங்களுக்குப் பாடம் நடத்தவில்லை. அதனால் சிவகாசியில் ஒரு பட்டறையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து கேட்டோம். சும்மா கேட்டதோடு விடவில்லை. ஒரு செயினைக் கழற்றி, புதுசு மாட்டி, கையைக் கருப்பாக்கிக்கொண்டுதான் வந்தோம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்த மெக்கானிக் ஏமாற்றவில்லை. ஆறு மாதம் முன்பு பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று செயினை மட்டும் மாற்றினார்களே, அங்கேதான் காசு போனது.

எந்த வண்டிக்கு இது?

பைக், எக்ஸ்எல் வைத்திருப்பவர்களுக்கு. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வந்ததிலிருந்து நம் பக்கத்துக் குடும்பங்களில் இந்த வகை வண்டி பழக்கம். கடைக்குச் சரக்கு, வயலுக்குத் தண்ணீர்க் குடம், ஆலைக்கு இரண்டு ஆள் என்று எல்லாவற்றையும் அதுதான் இழுக்கிறது. எக்ஸ்எல்லில் கியர் மாற்ற வேண்டியதில்லை, ஆனால் செயின் உண்டு. ஸ்கூட்டர் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இந்தக் கவலை கிடையாது. 2018இல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கொடுத்ததே, அந்தத் திட்டத்தில் (இப்போது அது இல்லை) ஸ்கூட்டர் வாங்கியவர்களும் நம்மில் இருப்பார்கள். அதில் மூடிய பெட்டிக்குள் ரப்பர் பெல்ட் ஓடுகிறது. அதை சர்வீஸில்தான் திறந்து பார்க்க முடியும்.

"பைக் எங்க வீட்டுக்காரர் ஓட்டுறது, நான் பின்னாடி உக்காந்து போறவதானே, எனக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்குத்தான் அடுத்த பகுதி. அதைக் கட்டாயம் படியுங்கள்.

பின்னால் உட்காருகிறவர் செயினுக்கு ரொம்பப் பக்கத்தில்

நாம் சேலை கட்டிக்கொண்டு பைக்கில் எப்படி உட்காருகிறோம்? ஒருபக்கமாக, இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டு. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் செயின் எந்தப் பக்கம் ஓடுகிறது? அதுவும் இடது பக்கம்தான். ஓட்டுகிறவரைவிடப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நம் காலும் சேலையும்தான் செயினுக்கும் சக்கரத்துக்கும் அருகில் இருக்கின்றன.

அதனால்தான் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதியில், பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, கால் வைக்க ஒரு இடம், துணி சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அந்தத் தடுப்பைத்தான் கடையில் சாரி கார்டு என்கிறார்கள். புது வண்டியோடு அது வரும். பிறகு வீட்டுப் பையன் "அழகா இல்லை" என்று கழற்றிப் பரண்மேல் போட்டுவிடுவான். சில பேர் செயின் கவரையும் கழற்றிவிட்டு, செயினுக்குக் கலர் பெயின்ட் அடித்து ஓட்டுகிறார்கள். இதில் நாங்கள் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறோம். சாரி கார்டும் செயின் கவரும் இல்லாத வண்டியில் சேலையோடு ஏறாதீர்கள். "மொதல்ல அதை மாட்டுப்பா, அப்புறம் ஏறுறேன்" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். துப்பட்டாவைப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். கைப்பையின் வார் தொங்கக் கூடாது. மடியில் பிள்ளை இருந்தால் பிள்ளையின் கால் எங்கே இருக்கிறது என்று ஏறும்போதே பாருங்கள்.

அப்படியும் துணி சிக்கிவிட்டால் இழுக்காதீர்கள். ஓட்டுகிறவரைத் தட்டி நிறுத்தச் சொல்லுங்கள். சாவியை அணைத்த பிறகு சக்கரத்தை மெதுவாகப் பின்பக்கம் சுற்றினால் துணி வந்துவிடும். வராவிட்டால் துணியை வெட்டிவிடுங்கள். சேலை போனால் இன்னொன்று வாங்கலாம்.

செயினுக்குள் என்ன நடக்கிறது?

பழைய செயின் துண்டு ஒன்று கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் தகடு, நடுவில் குறுக்கே ஒரு பின். பின்னைச் சுற்றி ஒரு சின்னக் குழாய், அதை புஷ் என்கிறார்கள். புஷ்ஷின் மேல் உருளுகிற இன்னொரு குழாய், அது ரோலர். இப்படி ஒவ்வொரு கண்ணியும் (பட்டறையில் லிங்க் என்பார்கள்) அடுத்த கண்ணியோடு கோத்திருக்கிறது. 1880இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் இந்த அமைப்பைக் கண்டுபிடித்தார். நூற்று நாற்பது வருஷம் தாண்டியும் பெரிதாக மாறவில்லை. இன்று நமக்குக் கடையில் கிடைக்கும் செயின்களில் கோயம்புத்தூர் கம்பெனி செய்யும் ரோலான் செயினும் உண்டு. கோவையில் 1937இல் லாரி, பஸ் போக்குவரத்து நடத்த ஆரம்பித்த எல்.ஜி. பாலகிருஷ்ணன் கம்பெனிதான் பின்னாளில் செயின் செய்ய வந்தது.

எல்லாரும் "செயின் நீண்டு போச்சு" என்கிறோம். இரும்புத் தகடு நீளவில்லை. பின்னும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உரசித் தேய்கின்றன. கிணற்று ராட்டினத்தின் அச்சு தேய்ந்து லொடலொட என்று ஆடுமே, அதே சங்கதிதான். ஒரு செயினில் 110 கண்ணி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால்கூட மொத்தச் செயின் 11 மில்லிமீட்டர், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும்.

இப்போது நம் உறுப்பினரின் கேள்விக்கு வருவோம். சாதாரண பைக்கின் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவில் அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். பல் சக்கரத்தின் பற்களும் அதே இடைவெளிக்கு வெட்டப்பட்டவை. தேய்ந்த செயினில் இந்த இடைவெளி கூடிவிடுகிறது. அது பல்லின் அடியில் சரியாக உட்காராமல் மேலே ஏறி உட்காருகிறது. நாளாக ஆகப் பல்லும் அந்த இடைவெளிக்குத் தகுந்த மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்து தேய்கிறது. அந்தத் தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் என்ன ஆகும்? தையல் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். பல் போன ஜிப்பில் புது ரன்னர் போட்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்? புதுச் செயினைப் பழைய பல் அரைத்தே தீர்த்துவிடும். அதனால்தான் முன்பல், பின்பல், செயின் மூன்றையும் ஒரே செட்டாக விற்கிறார்கள்.

"பின்பல் பெருசு, நல்லாத்தானே இருக்கு, முன்னாடி மட்டும் மாத்தினா போதாதா?" என்றும் கேட்டோம். முன்பல்லில் 14 பல், பின்பல்லில் 42 பல் என்று வைத்தால், பின்னது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் முன்னது மூன்று சுற்றுச் சுற்றுகிறது. முன்பல்தான் சீக்கிரம் தேயும் என்பது உண்மைதான். ஆனால் செயின் தேய்ந்து தீரும் அளவுக்கு ஓடிய வண்டியில் பின்பல் தேயாமல் இருக்காது. மூன்றையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம்.

மாற்ற வேண்டிய நேரம் வந்ததா?

இதற்குப் பட்டறைக்குப் போக வேண்டாம். பிள்ளையின் பள்ளிக்கூடப் பையில் இருக்கும் 30 சென்டிமீட்டர் ஸ்கேல் போதும். செயின் கொஞ்சம் இழுவையாக இருக்கும் இடத்தில் ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். அதை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து ஒன்று, இரண்டு என்று இருபது பின் எண்ணுங்கள். புதுச் செயினில் அந்த இருபதாவது பின்னின் நடு 25.4 சென்டிமீட்டரில் இருக்கும். 25.9 வந்துவிட்டால் செயினின் காலம் முடிந்தது. அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் அதுதான் கணக்கு. இது அரை அங்குலச் செயினுக்கான அளவு. பெரிய பைக்குகளின் செயின் வேறு அளவு.

ஸ்கேல் இல்லாவிட்டால் இன்னொரு வழி. பின்பல்லின் கடைசிப் பக்கத்தில், அதாவது வண்டியின் வால் பக்கம், செயினை விரலால் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். நல்ல செயின் பல்லோடு ஒட்டியே இருக்கும். பாதிப் பல் வெளியே தெரிகிற அளவுக்கு எழும்பி வந்தால் மாற்ற வேண்டியதுதான். பல்லையும் பாருங்கள். புதுப் பல் இரண்டு பக்கமும் சமமாக, முனை மழுங்கி இருக்கும். தேய்ந்த பல் அரிவாள் முனை மாதிரி ஒருபக்கம் வளைந்து கூர்மையாக இருக்கும்.

பைக்குகளில் செயினை முழுக்க மூடிய கவர் இருந்தால், அதில் பெரும்பாலும் ரப்பர் மூடி போட்ட ஒரு ஓட்டை இருக்கும். தொய்வு பார்க்க அது போதும். பல்லைப் பார்க்கக் கவரைக் கழற்ற வேண்டும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்று ஒரே எண் சொல்ல முடியாது. எண்ணெய் காணாத செயின் பத்தாயிரத்தில் போய்விடும், பார்த்துக்கொண்டால் இருபதாயிரம் தாண்டும். நம் பக்கம் கரிசல் மண். வெயில் காலத்தில் புழுதி, ஐப்பசி கார்த்திகை மழையில் களிமண். அந்தச் சேறு செயினில் ஒட்டிக் காய்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

துடைப்பதும் எண்ணெய் விடுவதும்

500 கிலோமீட்டருக்கு ஒருமுறை. தினம் இருபது கிலோமீட்டர் ஓடுகிற வண்டி என்றால் 25 நாள், ஆக மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். மழையில் நனைந்தால் அன்றைக்கே துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

முதல் விதி: வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது செயினைத் தொடக் கூடாது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கியரில் விட்டு, சக்கரம் தானாகச் சுற்ற, துணியைப் பிடித்துத் துடைக்கும் ஆட்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். துணி பல்லுக்குள் போனால் விரலும் கூடப் போகும். ஒரு நொடியில் துண்டாகிவிடும். பட்டறையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே தன் சுண்டுவிரலைக் காட்டித்தான் இதைச் சொன்னார், நுனி இல்லை. சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் வேலை செய்ய வேண்டும். துடைக்கும் கை பல் சக்கரத்துக்குப் பக்கத்தில் இல்லாமல், கீழே ஓடும் செயினின் நடுவில் இருக்கட்டும். (அப்படி விரல் துண்டாகிவிட்டால், துண்டான பகுதியைச் சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்து எடுத்துப் போக வேண்டும். ஐஸ் நேராகப் படக் கூடாது. காயத்தை இறுகக் கட்டிவிட்டு 108க்கு அழையுங்கள்.)

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டு நான்கு பக்கமும் தேய்த்து, துணியால் துடைத்து, பத்து நிமிஷம் காயவிடுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காதவர்கள் கொஞ்சம் டீசல் பயன்படுத்தலாம். பெட்ரோல் வேண்டாம், அதன் ஆவி எங்கேயோ இருக்கும் நெருப்பையும் தேடிப் போய்ப் பிடிக்கும்.

நம் ஊரில் இதில் இன்னொரு கவனம் வேண்டும். பட்டாசு ஆலையிலிருந்து வந்த உடுப்போடு இந்த வேலையில் உட்காராதீர்கள். மருந்துத் தூள் துணியிலும் முடியிலும் இருக்கும். குளித்து, உடை மாற்றிய பிறகுதான். வீட்டில் காகிதக் குழாய் சுற்றுகிறவர்கள், தீப்பெட்டி அட்டை ஒட்டுகிறவர்கள் அந்தக் கட்டுகள் இருக்கும் இடத்தில் மண்ணெண்ணெயைத் திறக்க வேண்டாம். மண்ணெண்ணெய்த் துணியை அடுப்படிப் பக்கம் போடாதீர்கள். ஆலை வளாகத்துக்குள் வண்டி ரிப்பேர் என்ற பேச்சே கூடாது, எவ்வளவு அவசரம் என்றாலும் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் தள்ளிக்கொண்டு வந்து பாருங்கள்.

காய்ந்த பிறகு எண்ணெய். கடையில் 90 நம்பர் கியர் ஆயில் கேளுங்கள், அல்லது செயின் ஸ்ப்ரே. கீழ்ச் செயினின் உட்பக்கம், ரோலரும் தகடும் சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். ராத்திரி விட்டு வைத்தால் நல்லது, விடிவதற்குள் உள்ளே இறங்கிவிடும். காலையில் மேலே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உள்ளே, பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில். வெளியே வழிவது புழுதியைத்தான் பிடிக்கும், சேலையையும் கெடுக்கும்.

சில வீடுகளில் கழிவு இன்ஜின் ஆயிலைத் தடவுகிறார்கள். காசு இல்லாமல் கிடைக்கிறது என்பதைத் தவிர அதில் நன்மை இல்லை. இன்ஜினில் தேய்ந்த இரும்புத் தூளும் கரியும் அதில்தான் இருக்கின்றன. ஒரு சகோதரி சமையல் எண்ணெய் விட்டுப் பார்த்ததாகச் சொன்னார். நாலு நாளில் பிசினாகி, செயின் முழுக்கப் புழுதி அப்பிக்கொண்டதாம். கிரீஸும் வேண்டாம், கெட்டியாக இருப்பதால் உள்ளே இறங்காது.

தகடுகளுக்கு நடுவில் சின்ன ரப்பர் வளையம் தெரிகிற செயினாக இருந்தால் கம்பி பிரஷ் போடக் கூடாது. ரப்பர் கிழிந்தால் அந்தச் செயினின் உயிர் போய்விடும்.

தொய்வு எவ்வளவு இருக்கலாம்?

கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலே தூக்கி, கீழே அழுத்திப் பாருங்கள். மேலும் கீழுமாகச் சேர்த்து ஏறக்குறைய ஒரு அங்குலம், இரண்டிலிருந்து மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும். உங்கள் வண்டிக்கு என்று சரியான எண் வண்டியோடு கொடுத்த கையேட்டில் இருக்கும், அதைத்தான் பின்பற்ற வேண்டும். சக்கரத்தைச் சுற்றி நான்கைந்து இடத்தில் பாருங்கள். ஒரு இடத்தில் இறுக்கமாகவும் ஒரு இடத்தில் தளர்வாகவும் இருந்தால், இறுக்கமான இடத்தில்தான் அளக்க வேண்டும்.

அதிகம் தொய்ந்தால் செயின் பல்லிலிருந்து கழன்று விழும், சில நேரம் சக்கரத்தைப் பூட்டிவிடும். "அப்ப நல்லா டைட்டா வச்சிட்டா?" அதுவும் தப்பு. மூன்று பேர் ஏறி, பள்ளத்தில் இறங்கும்போது பின் சக்கரம் மேலும் கீழும் போகும், செயினுக்கு அந்த இடம் வேண்டும். இறுக்கி வைத்த செயின் தன்னையும் கெடுத்து, இன்ஜினில் முன்பல் மாட்டியிருக்கும் தண்டின் பேரிங்கையும் கெடுக்கும். அந்தச் செலவு செயின் செலவைவிடப் பெரியது.

சரிசெய்வது எளிது. பின் சக்கரத்தின் நடு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் இருக்கும் அட்ஜஸ்டர் நட்டுகளைச் சமமாகத் திருக வேண்டும். அங்கே கோடுகள் இருக்கும். இடது பக்கம் மூன்றாவது கோடு என்றால் வலது பக்கமும் மூன்றாவது கோடு. கோணலாக வைத்தால் செயின் ஒருபக்கமாக உரசி ஓடும். நடு நட்டை நன்றாக இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை தொய்வு பாருங்கள், இறுக்கும்போது மாறிவிடும். அதோடு பின் பிரேக். சக்கரத்தைப் பின்னால் தள்ளினால் பிரேக் கம்பியும் இழுபடும், பிரேக் பிடித்தபடியே ஓடும். கம்பியின் முனையில் இருக்கும் நட்டைக் கொஞ்சம் தளர்த்திச் சரி செய்யுங்கள். இதை மறந்துவிட்டு, வண்டி இழுக்கவில்லை என்று அலைகிறவர்கள் நிறைய.

மாற்றுவது

முதல் தடவை தெரிந்தவர் ஒருவர் கூட இருக்கட்டும். செயினைக் கழற்றி மாட்டுவது நம்மால் முடியும். பின்பல் மாற்றப் பின் சக்கரத்தையே கழற்ற வேண்டும் என்பதால் அதற்கு மட்டும் பழகிய கை வேண்டும்.

வாங்கும்போது வண்டியின் பெயர், மாடல், வருஷம் மூன்றையும் சொல்லுங்கள். பெட்டியில் அச்சிட்ட விலையைப் பாருங்கள், பில் கேளுங்கள். பழைய முன்பல்லையும் பின்பல்லையும் புதியதோடு பல் எண்ணி ஒப்பிடுங்கள்.

இன்ஜின் ஆறிய பிறகு, சமதரையில் சென்டர் ஸ்டாண்ட், முன் சக்கரத்துக்கு ஒரு செங்கல். கழற்றுவதற்கு முன்பு போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் எங்கே இருந்தது என்று பிறகு சண்டை வராது. கழற்றும் போல்ட்டுகளை ஒரு எவர்சில்வர் தட்டில் கழற்றிய வரிசையிலேயே வையுங்கள். செயின் கவர், முன்பல் மூடி இரண்டையும் எடுத்த பிறகு, செயினைக் கழற்றுவதற்கு முன்பே முன்பல்லின் போல்ட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும். ஒருவர் பின் பிரேக்கை மிதித்துக்கொள்ள, இன்னொருவர் ஸ்பானர் போட வேண்டும். செயினைக் கழற்றிய பிறகு முயற்சி செய்தால் பல் கூடவே சுற்றும். இதை நாங்கள் மறந்துபோய் அரை மணி நேரம் வீணாக்கினோம்.

பிறகு பின் சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளுங்கள். செயினைச் சுற்றிக்கொண்டே வந்தால் ஒரு கண்ணி மட்டும் வேறு மாதிரி, மேலே ஒரு வளைந்த கிளிப்போடு தெரியும். அதுதான் செயின் லாக். அதைப் பின்பல்லின் மேல் கொண்டுவந்து நிறுத்தி, கட்டிங் பிளேயரால் கிளிப்பைத் தள்ளுங்கள். கிளிப் தெறிக்கும், கண்ணில் படும், மேலே ஒரு துணியை மூடிக்கொண்டு தள்ளுங்கள். கிளிப், அதன் கீழ்த் தகடு, பின்னோடு கூடிய துண்டு என்று மூன்றும் வந்தால் செயின் பிரிந்துவிடும்.

பழைய செயினையும் புதுச் செயினையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் போட்டுப் பாருங்கள். கண்ணி எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் பழையது எவ்வளவு நீளமாக இருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். எங்களுக்கு அதைப் பார்த்த பிறகுதான் எல்லாம் விளங்கியது.

பற்களை மாற்றிய பின், புதுச் செயினை முன்பல்லில் சுற்றி, இரண்டு முனையையும் பின்பல்லின் மேல் கொண்டுவந்து சேருங்கள். பல்லே இரண்டு முனையையும் பிடித்துக்கொள்ளும். லாக்கை உட்பக்கமிருந்து செருகி, வெளியே தகட்டை வைத்து, கிளிப்பைப் போட வேண்டும். கிளிப்பைப் போடும் திசைதான் இந்த வேலையிலேயே முக்கியம். கிளிப் ஒரு மீன் மாதிரி இருக்கும், ஒருபக்கம் மூடிய தலை, ஒருபக்கம் பிளந்த வால். வண்டி முன்னே போகும்போது செயின் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் தலை இருக்க வேண்டும். மீன் வாலை முன்னால் வைத்து நீந்துமா? மேல்செயின் முன்பல்லைப் பார்த்து ஓடுகிறது, அதனால் லாக் மேலே இருக்கும்போது தலை வண்டியின் முன்பக்கம் பார்க்கும். மாற்றிப் போட்டால் எதிலாவது உரசிக் கிளிப் கழன்று, ஓடும்போதே செயின் பிரிந்துவிடும். கிளிப் இரண்டு பின்னின் பள்ளத்திலும் உட்கார்ந்ததா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பழைய கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள்.

மறுபடி தொய்வு, கோடு, நடு நட்டு, பிரேக். கையால் பத்து சுற்றுச் சுற்றிப் பார்த்து, சத்தம் இல்லை என்றால் கவர்களை மாட்டி, தெருமுனை வரை மெதுவாக ஒரு ஓட்டம். புதுச் செயின் முதலில் கொஞ்சம் இளகும். இருநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு திரும்பத் தொய்வு பார்க்க வேண்டும்.

மாற்றிய தேதியையும் மீட்டரில் இருந்த கிலோமீட்டரையும் எங்கே குறிப்பது என்று கேட்டார்கள். நம் ஊரில் அச்சாகிற மாதக் காலண்டர் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. பால் கணக்கு, கேஸ் வந்த தேதி எழுதும் அதே கட்டத்தில் "செயின்" என்று போட்டு கிலோமீட்டரை எழுதுங்கள். எண்ணெய் விட்ட நாளுக்கு ஒரு புள்ளி. நம் நாரணாபுரத்து உறுப்பினர் மூன்றையும் செட்டாக மாற்றிவிட்டார், குழுவில் உள்கடன் எடுத்து. அவர் வீட்டுக் காலண்டரில் இப்போது ஒரு புள்ளி இருக்கிறது. பழைய செயினைத் தூக்கிப் போடாமல் எங்களிடம் கொடுத்திருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு அதையும், தேய்ந்த முன்பல்லையும் எடுத்து வருகிறோம். ஆளுக்கு ஒரு ஸ்கேல் கொண்டுவாருங்கள், வண்டியில் வருகிறவர்கள் சாரி கார்டோடு வாருங்கள்.